மாஸ்டர் பிள்ளைகளுக்கு வேலை பழக்கிய வாரம்

சின்னவன் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"அது கூட்டற பக்கம்டா. இந்தப் பக்கம் பிடி" என்றார் மாஸ்டர்.

சின்னவன் திருப்பிப் பிடித்தான். பிடி சரியாகிவிட்டது. ஆனால் வாசற்படியில் ஆரம்பித்து, அங்கே கிடந்த தூசியையெல்லாம் வீட்டுக்குள் அழைத்து வந்துகொண்டிருந்தான். சம்பந்தி வீட்டாரை அழைத்து வருவதுபோல அத்தனை மரியாதையாக.

"குப்பை வெளியே போகணும்டா."

"ஏன்ப்பா?"

மாஸ்டருக்குப் பதில் தெரியும். வாயில்தான் வரவில்லை. "கொடு இங்கே, இப்படிப் பாரு" என்று துடைப்பத்தை வாங்கினார்.

உள்ளறையிலிருந்து கூட்டிக் காட்டினார். சின்னவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலதிகாரிபோல் கூடவே வந்தான். கட்டிலுக்கு அடியில் எப்படி என்று கேட்டான்; மாஸ்டர் குனிந்து காட்டினார். மூலையில் எப்படி என்று கேட்டான், உட்கார்ந்து காட்டினார். வாசல்வரை கூட்டி முடித்து நிமிர்ந்தபோது அவர் இடுப்பில் ஏதோ ஒன்று களுக்கென்றது.

"புரிஞ்சுதா?"

"பாதி புரிஞ்சுதுப்பா. நாளைக்கும் ஒரு தடவை காட்டுங்க."

மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குப் பாதி புரிந்ததே பெரிது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். மீதிப் பேர் அவர்களைக் கண்டால் ஒதுங்கி நடப்பவர்கள். அவருடைய பயிற்சிக் காரில், அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. மாணவரின் வேலை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பயப்படுவது. மற்றதை மாஸ்டரின் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

வெளியே அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். வீட்டில் அப்படிக் கூப்பிடும்படி அவர் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. இந்த வாரம்தான் ஆரம்பம்.

காரணம், அவர் மனைவி. அவள் பேக்கரியில் கேக்குகளுக்குப் பூவேலை செய்பவள். பல வருஷமாகப் பூப் போட்டுக்கொண்டிருந்தவளைக் காலை ஷிஃப்ட் முழுவதற்கும் பொறுப்பாளராக வரும்படி முதலாளியம்மா கேட்டிருந்தார். இருட்டு விலகுவதற்கு முன்பே போக வேண்டும். மதியம் தாண்டித் திரும்பலாம். ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடியும், முடியாது என்று சொல்ல வேண்டும். முடியாது என்றால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அப்புறம் அது திரும்பி வராது.

அதை வீட்டில் சொன்ன அன்று, அவள் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பாகைச் சுரண்டிக்கொண்டே, "எனக்கு ஆசையா இருக்குங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் 'எனக்கு ஆசை' என்று அவள் எதையும் ஆரம்பித்து மாஸ்டர் கேட்டதில்லை. ஆரம்பித்திருக்கலாம். அப்போது அவர் முகத்துக்கு முன்னால் பேப்பர் இருந்திருக்கும்.

"போயேன்" என்றார் தாராளமாக.

"காலையில வீடு என்ன ஆகும்?"

"பிள்ளைங்க எதுக்கு இருக்காங்க? நான் பழக்கறேன். கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாம வந்தவங்களையெல்லாம் நெடுஞ்சாலையில ஓட வெச்சவன் நான். ஒரே வாரம் கொடு."

அவள் அவரைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். மறுபடி அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"சரி. நீங்களே பழக்குங்க. நான் நடுவுல வரமாட்டேன்."

அதன்பிறகு அவள் பிள்ளைகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பா சொல் கேட்டு நடங்கள் என்று புத்தி சொல்கிறாள் போலிருக்கிறது என்று மாஸ்டர் உச்சி குளிர்ந்து போனார்.

இதுவரை அந்த வீடு எப்படி நடந்தது என்று அவரைக் கேட்டால், 'நடந்தது' என்பார். எழுந்தால் தட்டில் ரொட்டி இருக்கும். திரும்பி வந்தால் சட்டை மடித்திருக்கும். நடுவில் என்ன நடந்தது, யார் நடத்தினார்கள் என்பதெல்லாம் பகல் எப்படி இரவாகிறது என்பதுபோல. ஆகிறது, நமக்கென்ன.

முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, கூட்டி முடித்த கையோடு, மாஸ்டர் பெரியவளைப் பாத்திரம் கழுவக் கூப்பிட்டார். அவள் ஒன்பதாம் வகுப்பு. கேள்வி கேட்பதில் தம்பிக்கு அக்கா.

முதலில் கண்ணாடி டம்ளரா, எண்ணெய்ச் சட்டியா என்று கேட்டாள். மாஸ்டர் எண்ணெய்ச் சட்டி என்றார். அவள் புருவம் லேசாகத் துடித்தது. எண்ணெய்ச் சட்டி தேய்த்த நாரால் டம்ளரைத் தேய்த்தால் டம்ளர் பிசுபிசுக்காதா என்று கேட்டாள். மாஸ்டர் யோசித்துவிட்டு, அதைத்தான் சொல்ல வந்தேன், முதலில் டம்ளர் என்றார்.

பெரியவள் டம்ளரை எடுத்தாள். சோப்பு நுரையோடு, இரண்டு விரல் நுனியில், பல்லியைத் தூக்குவதுபோல் தூக்கினாள். டம்ளர் வழுக்க ஆரம்பித்தது. அடுத்த நொடி அது மாஸ்டர் கையில் இருந்தது. தொழில் பழக்கம். பக்கத்து ஆள் தடுமாறும் முன்பே அவர் கால் போய்விடும். இங்கே கை போய்விட்டது.

போன கை திரும்பி வரவில்லை. டம்ளர், தட்டு, கரண்டி, சட்டி என்று தொட்டி காலியாகும் வரைக்கும் அவர்தான் கழுவினார். பெரியவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "துடைக்கறதும் காட்டிடுங்கப்பா, அரைகுறையா கத்துக்கக் கூடாது" என்றாள்.

மதியம் மனைவி வந்தாள். பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் சாப்பிட வந்திருந்த மாஸ்டர், முழங்கையில் நுரை காய்ந்திருப்பதை அவசரமாகத் துடைத்துக்கொண்டார். அவள் கூடத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே. யார் செஞ்சது?"

"பிள்ளைங்கதான்" என்றார் மாஸ்டர்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது வந்துவிட்டது. வந்த பிறகு திரும்பப் போகச் சொன்னால் போகவில்லை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதைப் பார்த்ததும், இருந்துவிட்டுப் போகட்டும், நாளைக்கு உண்மையாக்கிவிட்டால் போயிற்று என்று சமாதானம் செய்துகொண்டார்.

"நெசமாவா?" என்று அவள் பிள்ளைகளைக் கேட்டாள்.

பெரியவள் தரையைப் பார்த்தாள். சின்னவன் மோட்டுவளையைப் பார்த்தான். மாஸ்டர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் அவர் முறையை மாற்றினார். பயம்தான் தடங்கல் என்பது அவர் கண்டுபிடிப்பு. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில்தான் பிள்ளைகள் துடைப்பத்தைத் தொடத் தயங்குகிறார்கள். காரில் அதற்கு என்ன செய்கிறோம்? 'எல்' போர்டு மாட்டுகிறோம். இவர் புதியவர், திட்டாதீர்கள் என்று அர்த்தம். பயிற்சிப் பள்ளி அலமாரியில் சிவப்பு எழுத்தில் எல் போட்ட ஸ்டிக்கர்கள் கட்டாகக் கிடந்தன. இரண்டைக் கொண்டுவந்து, ஆளுக்கொன்று முதுகில் ஒட்டினார்.

"இது இருக்கற வரைக்கும் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க. தைரியமா செய்யுங்க."

பிள்ளைகள் தைரியமாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் கூட்டினார், கழுவினார், ரொட்டியைக் கருக்கினார், கருகியதைச் சுரண்டினார், பள்ளி வண்டி ஹாரன் அடித்தது, எல்லாரும் ஓடினார்கள்.

அன்று மாலை அவரிடம் கார் பழக வந்த மாணவி, சின்னவனின் வகுப்பு டீச்சர். அந்த வாரமே லைசென்ஸ் தேர்வு வைத்திருந்தார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவில்லை. கைப்பையைத் திறந்து, ஓரம் மடங்கிய ஒரு ஸ்டிக்கரை எடுத்து மடியில் வைத்தார்.

"மாஸ்டர், இது உங்க ஸ்கூலோடதுதானே?"

மாஸ்டருக்குக் காது சுட்டது. பெரியவள் தன்னுடையதைப் பிய்த்துப் போட்டிருந்தாள். சின்னவன் மறந்துவிட்டான்.

"நாள் பூரா பசங்க அவன் பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சிருக்காங்க. யாரோ வம்புக்கு ஒட்டிட்டாங்கன்னு ஒரு பையனை நான் பெஞ்சு மேல நிக்க வெச்சுட்டேன். யார்னு கேட்டா இவன் கடைசி வரைக்கும் சொல்லலை."

"நான்தான் டீச்சர்" என்றார் மாஸ்டர். பிரேக்குக்கும் கேட்காத குரல்.

ஏன் என்று டீச்சர் கேட்டார். வீட்டு வேலை பழக்குவதைப் பற்றி மாஸ்டர் மென்று விழுங்கிச் சொன்னார். டீச்சர் புரியாமல் பார்த்தார். "அவனுக்கா? கரும்பலகை துடைக்கறது, பெஞ்சு அடியில கூட்டறது எல்லாத்துக்கும் எங்க வகுப்புல அவன்தான் முதல்ல எழுந்திருப்பான்."

மாஸ்டருக்கு அது ஆறுதலாக இல்லை. அடியாக இருந்தது. பிள்ளைக்குக் கை இருக்கிறது, மனசும் இருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் இரண்டும் நின்றுபோகின்றன என்றால், கோளாறு எங்கே? வண்டி எல்லா ரோட்டிலும் ஓடிவிட்டு ஒரே ஒரு ஆள் பக்கத்தில் உட்காரும்போது மட்டும் நின்றால், மெக்கானிக் யாரைப் பார்ப்பான்?

அந்த யோசனையிலேயே கார் கிளம்பியது, திரும்பியது, நின்றது. திடீரென்று டீச்சர் ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார்.

"மாஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இவ்வளவு நேரம் ஓட்டினது நானா, நீங்களா?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கால்களும் அவருடைய பெடல்களின் மேல் இருந்தன.

"காலை எடுத்துடுங்க. இடிச்சா இடிக்கட்டும்" என்றார் டீச்சர்.

அதுதான் விஷயம் என்று மாஸ்டருக்குப் பொறி தட்டியது. தன் கையை எடுத்துவிட்டால் பிள்ளைகள் கை வரும். மறுநாள் காலை சமையலறையில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளையும் உட்கார வைத்தார். இன்றைக்கு நான் எதையும் தொடமாட்டேன், நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று அறிவித்தார்.

மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியில் பாத்திரங்கள் இருந்தன. ஒரு ஈ வந்து தட்டில் உட்கார்ந்து, இவர்களைப் பார்த்துவிட்டு, இதுவும் வேலையற்ற கூட்டம் என்று நினைத்ததுபோல் நிம்மதியாகக் காலைத் தேய்த்தது. சின்னவனின் விரல்கள் மேசையில் கிடந்த துணியை எடுத்து இரண்டாக மடித்தன, நாலாக மடித்தன. பெரியவள் தொண்டையைச் செருமினாள். சின்னவன் திடுக்கிட்டுத் துணியைப் பிரித்துக் கசக்கிப் போட்டான்.

இதை மாஸ்டர் பார்த்தார். பாவம், பயந்துபோயிருக்கிறான் என்றுதான் நினைத்தார்.

பள்ளி வண்டி வரும் நேரம் நெருங்கியது. ரொட்டி வாட்டவில்லை. முட்டை அவிக்கவில்லை. பிள்ளைகள் பட்டினியாகப் போவார்களா என்று நினைத்த மாத்திரத்தில் தொடைக்கு அடியில் இருந்த கைகள் தாமாக எழுந்துவிட்டன. அன்று அவர் முட்டையை ஒரே கையால் உடைத்தார். ஓடு ஒரு துளிகூட உள்ளே விழவில்லை. ரொட்டியும் பொன்னிறமாக வந்தது. இப்படி ஒரு திறமை தனக்குள் இருந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது? சட்டப்படி அந்த ரொட்டியை வாட்டியது பெரியவள்.

அன்று பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்த நேரத்தில் மனைவி ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தாள்.

பேக்கரிப் பெண்களிடம் பிள்ளைகளின் சமர்த்தைச் சொன்னாளாம். அவர்களெல்லாம் சேர்ந்து செய்து அனுப்பியிருக்கிறார்களாம். பெட்டிக்குள் ஒரு கேக். மேலே வெண்ணெய்க் க்ரீமில் ஒரு குட்டித் துடைப்பம், ஒரு குட்டித் தட்டு, கீழே 'கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு' என்ற எழுத்து.

"வெட்டுங்க" என்று அம்மா சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

பிள்ளைகள் வெட்டவில்லை. மாஸ்டர்தான் கத்தியை எடுத்தார். பெரியவள் தட்டை நீட்டவில்லை.

"எங்களுக்கு வேண்டாம்பா."

"ஏன்மா, உனக்குப் பிடிச்ச க்ரீம்தானே?"

"பிடிக்கும். ஆனா நாங்க எதுவும் செய்யலையே. செய்யாததுக்கு எப்படிப்பா சாப்பிடறது?"

சின்னவன் கேக்கைப் பார்த்து எச்சில் விழுங்கினான். இருந்தும் அக்கா பக்கம் போய் நின்றுகொண்டான்.

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தார். பிள்ளைகளுக்கு அவர் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் யாரோ எதையோ நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ இப்போது குளியலறையில் இருக்கிறாள். அவளிடம்தான் அவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்தார். அன்றிலிருந்து பாலெடுக்கத் திறந்தாலும், முட்டை எடுக்கத் திறந்தாலும், விளக்கெரிந்ததும் அந்தக் கேக் 'வந்தாயா' என்பதுபோல் அவரைப் பார்த்தது. குளிர்பெட்டியை மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையால் துழாவிப் பழகிக்கொண்டார். அப்படித்தான் ஒரு நாள் பாலில் வெண்ணெய் விழுந்தது.

பதவி கொடுத்தால் பொறுப்பு வரும் என்பது அடுத்த யோசனை. பெரியவளை மேற்பார்வையாளர் ஆக்கினார். உனக்குக் கீழே தம்பி, நீ சொல்ல அவன் செய்ய வேண்டும் என்றார். பெரியவள் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டாள். வெகு விரைவிலேயே, தனக்குக் கீழே இருப்பவர்களில் யாருக்கு வேலை கொடுத்தால் வேலை நடக்கும் என்பதை நல்ல மேற்பார்வையாளர்கள் எல்லாரையும்போல் கண்டுபிடித்தும்விட்டாள்.

"அப்பா, அடுப்புக்குப் பின்னாடி துடைக்கலை."

"துடைச்சிடறேன்மா."

"ஈரத்துணி போடறதுக்கு முன்னாடி கூட்டணும். கூட்டாம துடைச்சா சேறாகும்."

"சரிம்மா."

"சரின்னு சொல்லிட்டு அங்கேயே நிக்கறீங்களே."

பதினைந்து வயதுகூட ஆகாத பெண்ணுக்கு முன்னால், கையில் ஈரத்துணியோடு, ஏன் தாமதம் என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார் மாஸ்டர். வெளியே பயிற்சிக் கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் தேர்வில் தேறிவிட்டதாகப் போனில் சொன்னார். நல்லவேளை, தேர்வு அதிகாரியின் பக்கம் பெடல் இல்லை என்றும் சொன்னார்.

வாரம் முடிய வந்தது. நாளைக்கு முதலாளியம்மா நேரில் வந்து பதில் கேட்பார். போகும்போது மனைவி, பேக்கரியில் போட்டுக்கொள்ளத் துவைத்த வெள்ளைக் கோட்டு ஒன்று வேண்டும், பிள்ளைகளை மெஷினில் போடச் சொல்லுங்கள் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அந்த ஒன்றையாவது சுத்தமாகச் செய்துவிட வேண்டும் என்று மாஸ்டர் உறுதி எடுத்துக்கொண்டார். பள்ளி விடுமுறை. கோட்டை மெஷினுக்குள் போட்டார். உள்ளே நிறைய இடம் காலியாக இருந்தது. பெரியவளின் சிவப்பு விளையாட்டுச் சட்டையையும் போட்டார்.

"எல்லாத்தையும் சேர்த்தா போடறீங்க?" என்று கேட்டாள் பெரியவள்.

"மெஷின் இவ்வளவு பெரிசா செஞ்சிருக்கறது எதுக்கு?"

சின்னவன் வாயைத் திறந்தான். பெரியவள் அவன் காலை மிதித்தாள். சின்னவன் வாயை மூடிக்கொண்டான்.

மெஷினிலிருந்து கோட்டு வெளியே வந்தபோது அது வெள்ளையாக இல்லை. வெட்கப்பட்ட கன்னத்தின் நிறத்தில் இருந்தது. மாஸ்டரின் கன்னம் கோட்டின் பழைய நிறத்துக்குப் போனது.

வெளுக்கும் தூள் வாங்கிவந்து, உத்தேசமாகக் கொட்டி ஊறவைத்தார். எடுத்துப் பார்த்தால், இளஞ்சிவப்பு வானத்தில் வெள்ளை மேகங்கள். தனியாகப் பார்த்தால் அழகுதான். கோட்டாகப் பார்க்க முடியவில்லை. ஒரே நிறமாகவாவது இருக்கட்டும் என்று சிவப்புச் சட்டையைத் தேடிப் பிடித்து, அதனோடேயே மறுபடி போட்டார். மேகம் கலைந்தது, அந்தி முற்றியது. சரி, சுருக்கமாவது இல்லாமல் இருக்கட்டும் என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடு செய்தார். அப்போது போன் அடித்தது. யாரோ ஒருவர் ரிவர்ஸ் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். மாஸ்டர் பதில் சொல்லி முடிப்பதற்குள் புகை வந்தது.

கோட்டின் முன் பக்கம், பைக்கு மேலே, இஸ்திரிப் பெட்டியின் உருவம் பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது.

மேற்பார்வையாளர் வந்து பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகக் கலக்கம் தெரிந்தது. பையைக் கொஞ்சம் மேலே ஏற்றித் தைத்தால் மறைந்துவிடும் என்று மெல்லச் சொன்னாள். ஊசியை அவளே எடுத்தாள். எடுத்தவள் என்ன நினைத்தாளோ, அப்பாவிடமே நீட்டிவிட்டாள்.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து, கோட்டை மடியில் விரித்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தைத்தார். விரலில் குத்தியது. துடைத்துக்கொண்டு தைத்தார். ஊசி உள்ளே போனால் வெளியே வர மறுத்தது. இன்னும் ஆழமாகக் குத்தி இழுத்தார். இந்த வேலையாவது யாரும் பிள்ளைகள் செய்தது என்று நம்பாத அளவுக்கு மோசமாக இருக்கும், அந்த மட்டுக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டார். பை மேலே ஏறி நின்றது. கறை மறைந்தது. கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தபோது வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் சட்டென்று எழுந்தார். கோட்டும் கூடவே எழுந்தது.

உதறினார். போகவில்லை. பிடித்து இழுத்தார். பேண்ட் மேலே வந்தது. பைக்கும் கோட்டுக்கும் போட்ட தையல், கோட்டோடு நிற்காமல் அவருடைய வலது தொடைவரைக்கும் வந்து முடிந்திருந்தது.

மனைவி அறை வாசலில் நின்றாள். இளஞ்சிவப்பாகத் தொடையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததையும், அதை இரண்டு கையாலும் மறைக்கப் பார்த்த புருஷனையும், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"பிள்ளைங்க தைச்சாங்களா?" என்று கேட்டாள்.

இப்போதுகூட ஆமாம் என்று சொல்ல ஒரு வழி இருந்தது. மாஸ்டரின் நாக்கு பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. கதவோரம் பெரியவளும் சின்னவனும் நின்றிருந்தார்கள். செய்யாததற்குக் கேக் வேண்டாம் என்ற பிள்ளைகள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு, அந்தச் சொல் வெளியே வரவில்லை.

"நான்தான்" என்றார். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கோட்டும் உட்கார்ந்தது.

அவள் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் அமர்ந்தாள். குனிந்து, தையலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள். அவள் முகம் தெரியாததால் மாஸ்டருக்குப் பேச முடிந்தது.

"இது மட்டுமில்ல. எல்லாமே நான்தான். கூட்டினது, கழுவினது, ரொட்டி, முட்டை, எல்லாம். பிள்ளைங்க ஒரு துரும்பைக்கூட நகர்த்தலை. அவங்க மேல தப்பில்ல. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் துப்பில்ல. முதல் நாளே உன்கிட்ட சொல்லியிருக்கணும். உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரலை. தினமும் பொய் சொன்னேன். அந்தக் கேக் கூட..."

கேக்கைச் சொல்லும்போது கோட்டின் ஓரத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கேக்குக்காகக் கண்ணைத் துடைப்பதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

கத்திரிக்கோல் நின்றது. "அப்ப நாளைக்கு நான் என்ன சொல்லட்டும், முதலாளியம்மாகிட்ட?"

"போறேன்னு சொல்லு."

"வீடு?"

"நான் செய்யறேன். பிள்ளைங்க பழகற வரைக்கும் செய்யறேன். பழகின பிறகும் செய்யறேன். இத்தனை நாள் இந்த வீடு எப்படி நடந்துச்சுன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. உனக்குன்னு ஒண்ணு கேட்டே. அது என்னால கெட்டுப் போகக் கூடாது."

அவள் கடைசித் தையலை வெட்டினாள். கோட்டு பிரிந்து வந்தது. மாஸ்டரின் பேண்டில் ஒரு ஓட்டை மிச்சமிருந்தது. அவள் நிமிர்ந்தபோது அவள் கண் ஓரம் ஈரமாக இருந்ததா, சிரிப்பை அடக்கியதால் அப்படி இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கருக்கிய கோட்டையே மடியில் வைத்துக்கொண்டு, அவள் போனை எடுத்தாள். நாளைவரை காத்திருக்கவில்லை.

"அம்மா, நான் வர்றேன். காலை ஷிஃப்டை நானே பார்த்துக்கறேன்... வீட்டைப் பத்தி இனிமே கவலையில்லம்மா, ஆள் இருக்கு... கோட்டு மட்டும் ஒண்ணு புதுசா வேணும்."

'ஆள் இருக்கு' என்பதைக் கேட்டதும் மாஸ்டர் ஒரு வாரமாகக் குனிந்தே இருந்த தலையை முதல் தடவையாக நிமிர்த்திப் பிள்ளைகளைப் பார்த்தார். பெரியவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அம்மா, அப்பாவுக்குத்தான் எல்லா வேலையும் வந்துடுச்சே, இனிமே நாங்க பழையபடி எங்க வேலையைச் செய்யலாமா? தெரியாத மாதிரியே நடிக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா."